கழற்றி மாட்டுவதா, எலும்பில் ஊன்றுவதா?

பல் செட், இம்ப்ளான்ட் (பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் ஊன்றும் டைட்டானியத் திருகு) பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். பதில் சொல்பவர்கள் செயற்கைப் பல் பொருத்தும் பிரிவின் மருத்துவர்கள்.

அம்மாவுக்கு 66 வயது. மேலும் கீழும் முழு செட் கட்டி மூன்று வருடம் ஆகிறது. மேல் செட் கச்சிதமாக நிற்கிறது. கீழ் செட் பேசினாலே எழும்புகிறது. சாப்பிடும்போது அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு ஈறாலேயே மென்று விழுங்குகிறார். ஒரு கிளினிக்கில் கீழ்த்தாடைக்கு ஆறு இம்ப்ளான்ட் போட்டு நிரந்தரப் பல் கட்டலாம் என்கிறார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் ஆகுமாம். வேறு வழி இல்லையா?
– தஞ்சாவூர் வாசகி

இருக்கிறது. ஆறு வேண்டாம், இரண்டு போதும். ஆனால் அதற்கும் முன்னால், இப்போதுள்ள செட்டிலேயே கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி உட்காருகிறது. இடையில் மெல்லிய எச்சில் படலம், சுற்றிலும் காற்று புகாத விளிம்பு. இந்த இரண்டும் சேர்ந்து அதை இழுத்துப் பிடிக்கின்றன. கீழே அந்த வசதி கிடையாது. லாட வடிவில் ஒரு குறுகலான மேடு மட்டும்தான். உள்ளே நாக்கு தள்ளும், வெளியே கன்னமும் உதடும் தள்ளும். செட் பற்றிக்கொள்ளும் பரப்பும் மேலே இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். போதாக்குறைக்கு, பல் எடுத்த இடத்து எலும்பு ஆயுள் முழுக்கத் தேய்ந்துகொண்டே இருக்கும். முழு செட் போட்டவர்களை 25 வருடம் தொடர்ந்து அளந்து பார்த்த ஆய்வில், மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் நான்கு மடங்கு அதிகம் தேய்ந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் சரியாக இருந்த செட்டுக்கு அடியில் இன்று இடைவெளி விழுந்திருக்கத்தான் செய்யும்.

எனவே முதலில் ரீலைன் செய்ய முடியுமா என்று கேளுங்கள். செட்டின் உட்பக்கம் புதிதாக அளவெடுத்து, தேய்ந்த அளவுக்கு அக்ரிலிக் சேர்ப்பது. செலவு குறைவு, ஓரிரு நாளில் முடியும். கூடவே விளிம்பு குட்டையாக இருக்கிறதா, பல் வரிசை நாக்குப் பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல் உள்ளே தள்ளியிருந்தால் நாக்குக்கு இடம் போதாது. வாயை அசைக்கும்போதெல்லாம் அது செட்டைத் தூக்கிவிடும். அப்படியானால் ரீலைன் செய்தும் பயன் இல்லை, செட்டையே மாற்ற வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் இரண்டு இம்ப்ளான்ட். கீழ்த்தாடையில் கோரைப்பல் இருந்த இடத்தில் வலம் ஒன்று, இடம் ஒன்று. அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு: எலும்பு கெட்டியானது, உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதற்குப் பின்னாலேயே வெளியே வந்துவிடுகிறது, வருடக்கணக்கில் தேய்ந்த தாடையிலும் அங்கே மட்டும் உயரம் மிஞ்சியிருக்கும். மூன்று மாதம் கழித்து இம்ப்ளான்ட்டின் தலையில் சிறு பொத்தான் போன்ற உலோகக் குமிழைத் திருகி, செட்டின் உட்புறம் அந்தக் குமிழைக் கவ்வும் நைலான் குப்பியைப் பதிப்பார்கள். மாட்டும்போது ‘டக்’கென்று உட்காரும். பேசினால் எழும்பாது, வேர்க்கடலைகூட மெல்லலாம். 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது இந்த இரண்டு இம்ப்ளான்ட் செட்தான் என்று அறிவித்தார்கள். 2009-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில் கூடியவர்களும் அதையே வழிமொழிந்தார்கள்.

அம்மாவின் பழைய செட் நல்ல நிலையில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். குமிழ் வரும் இடத்தில் உள்பக்கம் குடைந்து, குப்பியை வாயிலேயே வைத்து அக்ரிலிக் ஊற்றிப் பிடிப்பார்கள். குடைந்த இடம் மெலிந்து, பின்னால் அங்கேயே செட் விரிசல் விடுவதுண்டு. உள்ளே உலோக வலை வைத்துத் தரச் சொல்லுங்கள். நைலான் குப்பி தேயும் பொருள். ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அந்த அளவுக் குப்பி கையிருப்பில் உள்ள மருத்துவர் வேண்டும்.

நான்கு, ஆறு போட்டு நிரந்தரமாகக் கட்டுவது தவறில்லை. கழற்றி மாட்டுவதை மனசு ஒப்பாதவர்களுக்கு அது நல்லது. ஆனால் கட்டிய பல்லுக்கு அடியில் தினமும் நூல் விட்டுச் சுத்தம் செய்யக் கண்பார்வையும் விரலும் ஒத்துழைக்க வேண்டும். கை நடுக்கமோ மூட்டுவாதமோ வரக்கூடிய வயதில், கழற்றிக் குழாயடியில் கழுவ முடிவது பெரிய வசதி; நாளை மகளோ மருமகளோ பார்த்துக்கொள்வதாக இருந்தாலும் அதுதான் சுலபம்.

வலது கீழ்க் கடைவாயில் ஒரு பல் எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. வயது 38. இம்ப்ளான்ட், பக்கத்துப் பற்களில் பிடித்து நிற்கும் பிரிட்ஜ், கழற்றி மாட்டும் பல் என்று மூன்றையும் சொல்கிறார்கள். அப்படியே விட்டுவிட்டால்தான் என்ன?
– திருப்பூர் வாசகர்

எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. நடுவிலிருந்து எண்ணி ஏழாவது, அதாவது கடைசியில் நிற்கும் பல் என்றால், தாராளமாக விட்டுவிடலாம். மேலும் கீழும் சரியாகச் சந்திக்கும் 20 பல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு உணவு மெல்லப் போதும் என்று நெதர்லாந்தில் கேய்சர் என்ற பல் மருத்துவ அறிஞர் 1981-ல் எழுதினார். அதன் பிறகு வந்த ஆய்வுகளும் அதை மறுக்கவில்லை. இடைவெளி என்றாலே நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆறாவது பல் என்றால் விடக் கூடாது. பின்னால் நிற்கும் ஏழாவது முன்பக்கம் சாயும், மேலே இருக்கும் பல் இறங்கி வரும். சில வருடம் கழித்து அங்கே பல் வைக்க நினைத்தால் இடமே இருக்காது.

ஒற்றைக் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பக்கம் மட்டும் கழற்றி மாட்டும் சிறு செட் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தூக்கத்தில் விழுங்கிவிட்டு, கம்பி உணவுக்குழாயில் மாட்டி, எண்டோஸ்கோப்பி வைத்து எடுக்கும் நிலைக்குப் போனவர்கள் உண்டு. ஆக, போட்டி இம்ப்ளான்ட்டுக்கும் பிரிட்ஜுக்கும்தான். அதைத் தீர்மானிப்பவை பக்கத்துப் பற்கள். இரண்டும் சொத்தையில்லாத நல்ல பற்களா? இம்ப்ளான்ட். பிரிட்ஜுக்காக அவற்றைச் சுற்றிலும் 1 முதல் 1.5 மி.மீ. வரை சீவித் தள்ள வேண்டியிருக்கும். சீவியது திரும்ப வராது. ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பற்களா? பிரிட்ஜ் போடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: தாங்கும் இரண்டில் ஒன்று சொத்தையானாலும் மொத்தப் பிரிட்ஜையும் வெட்டி எடுக்க வேண்டிவரும்.

இம்ப்ளான்ட் என்றால் முதலில் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. 4 மி.மீ. விட்டமுள்ள இம்ப்ளான்ட்டுக்கு எலும்பு 6 மி.மீ.யாவது அகலம் வேண்டும். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ. தள்ளியும், அடியில் ஓடும் நரம்புக் குழாய்க்கு 2 மி.மீ. மேலேயும் நிற்க வேண்டும். பல் எடுத்த முதல் வருடத்தில் எலும்பின் அகலம் பாதி வரை குறைகிறது; அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுகிறது. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

அறுவை என்று பயப்பட வேண்டாம். பல் பிடுங்கப் போடும் அதே மரப்பு ஊசிதான். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். 2 மி.மீ. துரப்பணத்தில் தொடங்கித் துளையைப் படிப்படியாகப் பெரிதாக்குவார்கள். சலைன் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், வேகமும் குறைவாக இருக்கும். எலும்பு 47 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு நிமிடம் சூடானாலே அந்த இடம் செத்துவிடும். செத்த எலும்பில் டைட்டானியம் ஒட்டாது. கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம், எலும்பு மென்மையான மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதம் காத்திருந்து, பிறகு இம்ப்ளான்ட்டின் மேலே பல்லைப் பொருத்துவார்கள்.

எங்கே தவறுகிறது? முதல் சில வாரங்களில் ஒட்டாமல் போனால் பெரும்பாலும் வலியே இருக்காது, திருகு சும்மா சுற்றும். எடுத்துவிட்டு, எலும்பு ஆறிய பின் மறுபடி போடலாம். மரப்பு இறங்கிய பிறகும் கீழுதடு மரத்தே இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், ‘போகப் போகச் சரியாகும்’ என்று வீட்டில் உட்காராதீர்கள். நரம்பை அழுத்திக்கொண்டிருக்கும் இம்ப்ளான்ட்டை உடனே எடுத்தால்தான் உணர்ச்சி திரும்ப வாய்ப்பு அதிகம். இரண்டு மூன்று வருடம் கழித்துப் பல் ஆடினால் இம்ப்ளான்ட்டே போய்விட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் சிறு திருகு தளர்ந்திருக்கலாம். அந்தப் பக்கம் மெல்லாமல் மருத்துவரிடம் போய் முறுக்கிக்கொள்ளுங்கள். ஆடவிட்டு மென்றால் திருகு உள்ளுக்குள் முறியும், அதை எடுப்பது பெரும்பாடு. முடிந்தவரை திருகிப் பொருத்தும் பல்லையே கேளுங்கள். சிமென்ட் வைத்து ஒட்டும்போது ஈறுக்கடியில் கசிந்து தங்கும் துணுக்கு பின்னால் சீழ் பிடிக்க ஒரு முக்கியக் காரணம்.

‘மூன்றே நாளில் நிரந்தரப் பல்’ என்று விளம்பரம் பார்க்கிறேன். நம்பலாமா?
– மதுரை வாசகர்

பல் மூன்று நாளில் வரும்; எலும்பு மூன்று நாளில் ஒட்டாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

நான்கைந்து இம்ப்ளான்ட்டைக் கெட்டியான எலும்பில் இறுக்கமாக ஊன்றி, அவற்றை ஒரே சட்டமாகப் பிணைத்துவிட்டால் தனித்தனியாக அசைய முடியாது. அசையாதவரை எலும்பு ஒட்டும். போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் பாவ்லோ மாலோ 1990-களில் லிஸ்பனில் வளர்த்தெடுத்த ‘ஆல்-ஆன்-ஃபோர்’ முறையின் அடிப்படை இதுதான். பின்னால் இருக்கும் இரண்டையும் சாய்த்துப் போட்டு மேலே சைனஸையும் கீழே நரம்பையும் தவிர்க்கிறார்கள். முறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் விளம்பரத்தில் வராத பகுதியில் இருக்கிறது. ஊன்றும்போது கிடைக்கும் பிடிப்பு மூன்றாவது, நான்காவது வாரத்தில் குறையும். பழைய எலும்பு கரைந்து புதியது உருவாகும் நேரம் அது. வலி போய்விட்டதே என்று அந்த வாரத்தில் சீடை கடிப்பவர்களுக்குத்தான் தோற்றுப்போகிறது. குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் குழைந்த உணவுதான். முதலில் பொருத்துவது பெரும்பாலும் தற்காலிகப் பல். சில மாதம் கழித்து நிரந்தரமானது தனியாகச் செய்ய வேண்டும். பேசிய தொகையில் அதுவும் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். மூன்று நாளில் தருவதுதான் கடைசிப் பல் என்று சொன்னால், ஒரு இம்ப்ளான்ட் தோற்றால் மொத்த வரிசையையும் வெட்டாமல் அதை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

எங்களை உறுத்துவது வேறு ஒன்று. தாடையில் ஏழெட்டு நல்ல பல் இருக்கும். ‘எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வேலை ஒரேயடியாக முடிந்துவிடும்’ என்பார்கள். ஆடாத, சொத்தையில்லாத பல்லை வேலை சுலபமாக முடியட்டும் என்பதற்காகப் பிடுங்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொரு மருத்துவரிடமும் காட்டிக் கேளுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, இதயத்தில் ஸ்டென்ட், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்கு வருடம் ஒரு ஊசி. இருவரில் யாருக்கும் இம்ப்ளான்ட் கூடாது என்கிறார் உறவினர் ஒருவர்.
– நாகர்கோவில் வாசகி

சர்க்கரை இருப்பது தடை அல்ல, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் தடை. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 7-க்கு அருகில் இருந்தால் செய்யலாம். 8-க்கு மேல் போனால் முதலில் அதை இறக்கிவிட்டு வாருங்கள். புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும்.

ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஓரிரு இம்ப்ளான்ட் போடும் அளவு ரத்தக்கசிவைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அப்படிச் சமாளிக்க முடியாது. ஸ்டென்ட் வைத்து, அல்லது மாரடைப்பு வந்து ஆறு மாதம் ஆகவில்லை என்றால் தள்ளிப்போடுங்கள். அதற்கு மேல் ஆகியிருந்தாலும் இதய மருத்துவரிடம் கேட்டு, அவர் எழுதித் தருவதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் ஊசி அநேகமாக ஜொலெட்ரானிக் அமிலமாக இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது என்றால் டெனோசுமாப். இவை எலும்பு கரைவதைத் தடுப்பவை. கூடவே தாடை எலும்பு புதுப்பித்துக்கொள்வதும் மந்தமாகிறது. பல் பிடுங்கினாலோ இம்ப்ளான்ட் போட்டாலோ சிலருக்கு அந்த இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரியும். எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் இந்த ஆபத்து மிகக் குறைவு. மருத்துவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் திட்டமிட்டுச் செய்யலாம். புற்றுநோய்க்காக அதே மருந்தை அதிக அளவில் அடிக்கடி ஏற்றிக்கொள்பவர்களுக்கு இம்ப்ளான்ட் வேண்டாம். பலர் ‘மாத்திரை என்னென்ன’ என்று கேட்டால் பட்டியல் சொல்வார்கள், வருடம் ஒருமுறை போடும் ஊசியைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறோம். அவருக்குப் பல் செட் போட்டாலும் உரசிப் புண்ணாக விடக் கூடாது. அந்தப் புண்ணிலிருந்தும் இதே தொல்லை தொடங்கலாம்.

புகை பிடிப்பவர்களுக்குத் தோல்வி ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாக்கு, குட்கா போட்டு வாய் இறுகிப்போனவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது: உங்கள் மூன்று விரலை நெட்டுக்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால், பின்பக்கத் தாடையில் துரப்பணக் கருவியைக் கொண்டுபோக முடியாது. செட்டுக்கு அளவெடுக்கும் தட்டுகூட நுழையாது.

முதல் தடவையாக முழு செட் கட்டப்போகிறேன். எத்தனை தடவை அலைய வேண்டும்? கட்டிய பிறகு எப்போது பழையபடி சாப்பிடலாம்?
– ஈரோடு வாசகர், 71 வயது

பல் எடுத்து இரண்டு மூன்று மாதம் ஆகட்டும், அதற்குள் ஈறு வற்றி ஓரளவு நிலைக்கும். அதுவரை வாய் வெறுமையாக இருக்கக் கூடாது என்றால் எடுத்த அன்றே மாட்டும் தற்காலிக செட் உண்டு. சில மாதத்தில் அது தளர்ந்துவிடும் என்பதைத் தெரிந்தே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒழுங்காகச் செய்தால் ஐந்து தடவை போக வேண்டும். முதலில் பொதுவான தட்டில் மாதிரி அளவு. அதை வைத்து உங்கள் வாய்க்கென்றே தனித் தட்டு செய்து, இரண்டாம் முறை விளிம்பை வார்ப்பார்கள். பச்சை நிறக் குச்சி ஒன்றை உருக்கித் தட்டின் ஓரத்தில் தடவி, கன்னத்தை இழுத்து, நாக்கை நீட்டச் சொல்வார்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் செட் நிற்பதும் ஆடுவதும் இந்த இருபது நிமிடத்தில்தான் முடிவாகிறது. இந்தப் படியைத் தாண்டிவிட்டு இரண்டே நாளில் செட் தருபவர்களிடம் வாங்கியவைதான் பெரும்பாலும் எங்களிடம் திரும்பி வருகின்றன.

மூன்றாம் முறை மெழுகுத் திண்டு வைத்துக் கடி உயரம், அதாவது கடிக்கும்போது இரு தாடைக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம், எடுப்பார்கள். நாக்கு நுனியை அண்ணத்தில் பின்னோக்கி மடித்துக்கொண்டு வாயை மூடுங்கள், தாடை தன் இடத்துக்குப் போகும்.

நான்காம் முறை முக்கியம். மெழுகில் பல் வைத்துப் போட்டுக் காட்டுவார்கள். வீட்டில் ஒருவரை அழைத்துப் போங்கள்; பல்லிருந்த காலத்துப் புகைப்படம் ஒன்றும் கொண்டுபோங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். ‘சரஸ்வதி’, ‘ஜோசியம்’ என்று ச, ஸ, ஜ வரும் சொற்களைச் சொல்லுங்கள். மேலும் கீழும் டக் டக்கென்று மோதினால் உயரம் கூடிவிட்டது. பல் பெரிதா, வெள்ளை அதிகமா, உதடு தூக்குகிறதா எல்லாவற்றையும் இப்போதே சொல்லுங்கள். மெழுகில் மாற்றுவது பத்து நிமிடம். அக்ரிலிக் வெந்து இறுகிய பிறகு மாற்றினால் புதிதாகச் செய்வதற்குச் சமம். மருத்துவர் மனம் நோகும் என்று தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

ஐந்தாம் முறை செட் கைக்கு வரும். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் காட்ட வேண்டும். எங்கேயாவது குத்தும், எல்லோருக்கும் குத்தும். காட்டப் போவதற்கு முன் சில மணி நேரம் மாட்டியிருங்கள், சிவந்த தடம் தெரிந்தால்தான் எங்கே தேய்ப்பது என்று தெரியும். நாலு நாள் கழற்றி வைத்துவிட்டு வந்து ‘இங்கே எங்கேயோ வலித்தது’ என்றால் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் பிளேடாலோ உப்புத்தாளாலோ நீங்களே சீவாதீர்கள்.

முதல் வாரம் எச்சில் ஊறித் தொலைக்கும், போகப் போக அடங்கும். குழைந்த ரசம் சாதம், இட்லி, இடியாப்பம் என்று தொடங்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மெல்லப் பழக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் எழும்பும். முன்பல்லால் கடித்து இழுக்கவே கூடாது, பின்பக்கம் தூக்கிவிடும். கொய்யா, ஆப்பிள் எல்லாம் வில்லையாக நறுக்கித்தான். தக்காளி விதை, எள், ரவை செட்டுக்கு அடியில் புகுந்து ஊசியாகக் குத்தும். எழுந்து போய்க் கழுவிவிட்டு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாக்கும் கன்னமும் பழக ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பேச்சுக்குத் தினமும் செய்தித்தாளைச் சத்தமாகப் படியுங்கள்.

முழுதும் பழகிய பிறகும் சொந்தப் பல்லின் கடிக்கும் பலத்தில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கும். கரும்பு கடிப்பது இனி இல்லை.

செட்டை எதில் கழுவுவது? ராத்திரி கழற்ற வேண்டுமா? மேல் அண்ணம் செக்கச் செவேலென்று இருக்கிறது.
– காரைக்குடி வாசகி

அந்தச் சிவப்பு ராத்திரியும் கழற்றாததால் வந்த காளான் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். வலி இருக்காது, அதனால் பலர் கவனிப்பதில்லை. இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். காய விட்டால் வளையும், வெந்நீரில் போட்டாலும் வளையும். பல் தேய்க்கும் பேஸ்ட்டில் இருக்கும் துகள் அக்ரிலிக்கைக் கீறும். மென்மையான பிரஷ்ஷும் சாதாரண சோப்பும் போதும். கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரம் வைத்துக்கொண்டு கழுவுங்கள், கை நழுவினாலும் உடையாது. இப்படிச் செய்தும் இரண்டு வாரத்தில் சிவப்பு மாறவில்லை என்றால் மருந்து தேவை. வாய்க்கு மட்டும் அல்ல, செட்டுக்கும் சேர்த்து.

ஒட்டும் பசையை அளவாகப் பயன்படுத்தலாம். ஒரு குழாய் ஒரு வாரத்தில் தீர்கிறது என்றால் செட் பொருந்தவில்லை என்று பொருள். துத்தநாகம் கலந்த பசையை வருடக்கணக்கில் மிதமிஞ்சிப் போட்டவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து, கால் மரத்து, நடையே தடுமாறியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

பையனுக்கு 15 வயது. சைக்கிளில் விழுந்து மேல் முன்பல் ஒன்று போய்விட்டது. உடனே இம்ப்ளான்ட் போடலாமா?
– வேலூர் வாசகர்

கூடாது. தாடை இன்னும் வளர்கிறது. சொந்தப் பற்கள் தாடையோடு சேர்ந்து இறங்கும். இம்ப்ளான்ட் எலும்போடு ஒட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். சில வருடத்தில் அது மட்டும் மேலே குட்டையாகத் தெரியும், ஈறு வரிசையும் கோணலாகும். 20, 21 வயது வரை பொறுங்கள். அதுவரை பக்கத்துப் பல்லைச் சீவாமல் பின்பக்கத்தில் இறக்கை போல ஒட்டும் பிரிட்ஜ் இருக்கிறது. விளையாடும்போது வாய்க்கவசம் போடச் சொல்லுங்கள்.

ஊரில் ஒருவர் கழற்றவே தேவையில்லாதபடி ஒரு மணி நேரத்தில் பல் ஒட்டித் தந்தார். இப்போது பக்கத்துப் பல் ஆடுகிறது, நாற்றமும் அடிக்கிறது.
– விழுப்புரம் வாசகர்

பொடியும் திரவமும் கலந்தால் வாயிலேயே இறுகும் அக்ரிலிக்கை, பக்கத்துப் பற்களில் கம்பி சுற்றி அப்பியிருக்கிறார்கள். அதற்கடியில் பிரஷ் போகாது, தண்ணீர்கூடப் போகாது. உணவு அழுகி, ஈறு வெந்து, தாங்கும் பற்களைச் சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. ஒரு பல்லுக்காகப் போய் மூன்றை இழப்பது இப்படித்தான். நீங்களே பிடித்து இழுக்காதீர்கள், ஆடும் பல்லும் கூடவே வந்துவிடும். மருத்துவர் வெட்டி எடுப்பார். எடுத்த பின் அங்கே இருக்கும் புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் கட்டாயமாக, சதைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டு பல் மருத்துவர் சட்டப்படி பதிவு பெற்றவர்தான் வாயில் கை வைக்கலாம். பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை.

இம்ப்ளான்ட் போட்டால் பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க முடியாதாமே?
– சேலம் வாசகர்

எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. வாய்க்குப் பக்கத்தில் மட்டும் படம் சற்று மங்கும். கழற்றும் செட்டில் காந்தப் பிடிப்பு வைத்திருந்தால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க வருமா? விலை ஏன் கடைக்குக் கடை மாறுகிறது?
– சென்னை, கோவை வாசகர்கள் சிலர்

டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்பதைக் கண்டறிந்த ஸ்வீடன் மருத்துவர் பிரானெமார்க் 1965-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். 2006-ல் அந்த நோயாளி இறந்தபோது, 40 வருடம் கடந்தும் அவை வாயில் வேலை செய்துகொண்டிருந்தன. வரும்தான், ஆனால் தானாக வராது. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் இருக்கும் மெல்லிய நார் இம்ப்ளான்ட்டுக்குக் கிடையாது. சுற்றிலும் சீழ் பிடித்து எலும்பு பாதி கரையும்வரை வலியே தெரியாமல் இருக்கலாம். தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் இடைப்பல் பிரஷ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. இம்ப்ளான்ட்டின் மேலே இருக்கும் பல்லைப் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரலாம்.

தனியார் கிளினிக்கில் ஒற்றை இம்ப்ளான்ட் அதன் மேலே வரும் பல்லோடு சேர்த்துப் பெரும்பாலும் 25,000 முதல் 50,000 ரூபாய் வரை ஆகிறது. சொல்லும் விலை குறைவாக இருந்தால், அது எலும்பில் போகும் திருகுக்கு மட்டுமா, இணைப்புத் துண்டும் கேப்பும் சேர்ந்ததா, எலும்புப் பொடி வைக்க நேர்ந்தால் தனியா, ஒட்டாமல் போனால் மறுபடி யார் செலவு என்று நான்கையும் கேளுங்கள். சென்னைக் கோட்டை ரயில் நிலையம் எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், மற்ற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் செட் கட்டுவது வெளியே ஆவதைவிட மலிவு. மாணவர்கள் பேராசிரியர் பார்வையில் ஒவ்வொரு படியாகச் செய்வார்கள், தடவை மட்டும் கூடும்.

கடைசியாக, இம்ப்ளான்ட் டப்பாவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி மருத்துவக் கோப்பில் ஒட்டிவையுங்கள். ஸ்வீடன், சுவிட்சர்லாந்து, கொரியா, இஸ்ரேல் என்று எத்தனையோ நாட்டுத் தயாரிப்பு இங்கே புழங்குகிறது. பலவற்றுக்குத் திருகும் சாவியும் இணைப்பும் வேறு வேறு. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் திருகு தளர்ந்தால், கம்பெனிப் பெயரும் அளவும் லாட் எண்ணும் இருக்கும் அந்தச் சிறு துண்டுத் தாள் இருந்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். இல்லையென்றால் எக்ஸ்ரேயைப் பார்த்து எந்தக் கம்பெனி என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டும்.